மூணு நிமிஷம் பொறுங்க, ஆச்சி

2024 அக்டோபரில் ஒரு யூடியூபர் அறுவை அரங்குக்குள் கேமராவோடு போய், தன் குழந்தையின் தொப்புள்கொடியைத் தானே வெட்டி, அந்தக் காட்சியை இணையத்தில் ஏற்றியது பலருக்கும் நினைவிருக்கும். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. மருத்துவமனை மீதும் நடவடிக்கை பாய்ந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. டாக்டர் இல்லாதவர் கத்தரியைத் தொடலாமா, தியேட்டருக்குள் கேமராவை யார் விட்டது என்று ஆளாளுக்கு வாதம் பண்ணினார்கள்.

தென்காசி வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனையிலும் பிரசவ வார்டு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு அந்த நாட்களில் இருந்த ஆதங்கம் வேறு. இத்தனை பேர் பேசியும், குழந்தை பிறந்து எத்தனை நிமிடம் கழித்துக் கொடியை வெட்டினார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யார் வெட்டுவது என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். எப்போது வெட்டுவது என்பதில்தான் குழந்தையின் ரத்தம் இருக்கிறது.

பிறந்த கணத்தில் கொடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை மீட்டர் நீளம் இருக்கும். கிட்டத்தட்ட விரல் தடிமன். நீலம் பாரித்து, முறுக்கு முறுக்காக, வழுவழுவென்று கிடக்கும். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை. தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் துடிப்பு தெரியும். நம் நாடியைவிட வெகு வேகம், நிமிடத்துக்கு நூறுக்கு மேல். குழந்தை வீரிட்டு அழுகிற அந்த நேரத்திலும் கொடி தன் வேலையை நிறுத்துவதில்லை. இரண்டு, மூன்று நிமிடம் அப்படியே விட்டால் துடிப்பு தளரும், நீலம் வெளுக்கும், புடைத்திருந்த கொடி தட்டையாகித் துவண்டுவிடும். வெள்ளைத் துணி நாடா மாதிரி ஆகிவிட்ட கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டும்போது ரத்தம் அவ்வளவாகச் சிந்துவதும் இல்லை.

அந்த இரண்டு, மூன்று நிமிடத்தில் நடப்பது என்ன? வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் ரத்தம் முழுவதும் குழந்தைக்குள் இருப்பதில்லை. பிறக்கிற நேரத்தில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்குள்ளும் கொடிக்குள்ளும் இருக்கும். அது தாயின் ரத்தம் இல்லை, குழந்தைக்கே உரியது. கருப்பை சுருங்கச் சுருங்க அந்த ரத்தம் கொடி வழியாகக் குழந்தையை நோக்கித் தள்ளப்படுகிறது. குழந்தை மூச்சு விட விட நுரையீரல் விரிந்து தனக்கு வேண்டிய ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்துக்குள் சுமார் 100 மில்லி வந்து சேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 80 மில்லி என்றால் டீக்கடை கிளாஸில் முக்கால்தானே என்று தோன்றும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 250, 300 மில்லிதான். அந்த 80 மில்லியைப் பெரிய ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லிட்டர் வரும். சிற்றாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும்போதே, வயல் பாதி நனைவதற்குள் மடையை அடைக்கிற விவசாயி உண்டா? பிள்ளை வெளியே வந்த பத்தாவது விநாடியில் கொடியை வெட்டுவது அந்தக் காரியம்தான்.

வெட்டுகிற அவசரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பேறுகாலத்தில் தாய் சாவதற்குப் பெரிய காரணம் உதிரப்போக்கு. அதைத் தடுக்க 1960களில் மேல்நாட்டு மருத்துவமனைகளில் ஒரு முறை பரவியது. பிள்ளை வந்ததும் கருப்பை சுருங்க ஊசி, உடனே கொடிக்குக் கிளாம்ப், பிறகு கொடியைப் பக்குவமாக இழுத்து நஞ்சை எடுப்பது. மூன்றையும் ஒரே கட்டாகப் பாடப்புத்தகத்தில் போட்டார்கள். நர்ஸிங் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். நல்ல நோக்கத்தோடு வந்த முறை, எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது. பின்னாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தபோதுதான், தாயைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்த ஊசிக்கு என்று தெரிந்தது. கொடியை உடனே வெட்டியதால் தாய்க்கு எந்த லாபமும் இல்லை, பிள்ளைக்கு நஷ்டம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். குழந்தை பல தடவை மூச்சு விட்டு, கொடியின் துடிப்பு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், சீக்கிரம் கட்டிவிட்டால் குழந்தை பலவீனப்படும் என்று 1801ஆம் ஆண்டுப் பதிப்பான தன் நூலில் எழுதிவைத்தார். அவ்வளவு தூரம் போவானேன்? இலஞ்சி, மேலகரம் பக்கத்து மருத்துவச்சிகள் நஞ்சு விழுந்த பிறகுதான் கொடியை அறுப்பார்கள் என்று என் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொறுமை சரியானது. ஆனால் அறுத்தது எதை வைத்து? கருக்கரிவாள், துருப்பிடித்த பிளேடு. புண்ணில் வைத்தது சாம்பலும் சாணிப் பொடியும். பிறந்து ஒரு வாரத்தில் வாய் இறுகி, உடம்பு விறைத்துச் செத்த பிள்ளைகளுக்குக் கணக்கு கிடையாது. தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான கருவி, ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த ரணஜன்னியை விரட்டின. 2015இல்தான் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், கொடியைத் தாமதமாக வெட்டுவது நல்லது என்றதும் சிலர் அதை வீட்டுப் பிரசவத்துக்கு ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் உதிரப்போக்கில் செத்துப்போனார். பொறுத்து வெட்டுவது மேசைக்குப் பக்கத்தில் ஊசியும் ஆக்ஸிஜனும் ஆளும் தயாராக இருக்கிற இடத்தில் செய்ய வேண்டிய வேலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2014இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறந்து ஒரு நிமிடத்துக்கு முன் கொடியை வெட்டக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2018இல் மத்திய அரசு தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' என்னும் சோகை ஒழிப்புத் திட்டத்திலும் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நர்ஸ், இரண்டு மேசை, இரண்டிலும் வலி, வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் என்று இருக்கிற ராத்திரியில் மூன்று நிமிடம் என்பது ரொம்ப நீளம். கை தானாகக் கிளாம்புக்குப் போகும். அதனால்தான் இதை நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக விட்டுவிடக் கூடாது என்கிறேன். பிள்ளை பெறப்போகிறவளுக்கும், அவளுக்குத் துணையாக உள்ளே வருகிற அம்மாவுக்கும் அத்தைக்கும் மைனிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊருக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்குச் சோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் குழந்தைகளின் எண் 50.7. ஆஸ்பத்திரிப் பிரசவம் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு ஆகிவிட்ட மாநிலத்தில், பிள்ளைகளின் சோகை ஏறியிருக்கிறது.

சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் இருப்பார்கள். மடியில் தட்டு, தட்டில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் பொதிந்த இலை. ஆயிரம் பீடிக்குக் கூலி என்பதால் யாரும் எழுந்து நடமாட மாட்டார்கள்; எழுந்தால் கணக்கு குறையும். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. நகமும் அப்படியே. ஹீமோகுளோபின் எட்டு. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது வேண்டும். "மாத்திரை சாப்பிடுதியா?" என்றேன். "சாப்பிடுதேங்க்கா" என்றாள். பீடி கட்டுகிற நூல் உருண்டை போட்டுவைத்த தகர டப்பாவை அவள் சின்ன மகள் இழுத்துத் திறந்தாள். நூலுக்கு அடியில் சிவப்பு மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. "தின்னா குமட்டுதுக்கா. வெளிக்கும் கருப்பாப் போவுது, பயமா இருக்கு" என்றாள் அப்புறம்.

அவளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கருப்பாகப் போவது மருந்தின் தன்மை, ஆபத்து கிடையாது என்று யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப்போகும்போது போட்டுக்கொள்ளலாம். கடுங்காப்பியோடும் டீயோடும் போடக் கூடாது. இரும்பை உடம்பு உறிஞ்ச அவை விடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூடச் சேர்ந்தால் நல்லது. நாலாவது மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது 180 மாத்திரை, பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அந்த ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இந்தியா வந்து, பம்பாயிலும் குன்னூரிலும், பிறகு சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு கொடுத்தால் ஒருவகைச் சோகை குணமாவதைக் காட்டினார். அதற்குள் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. ஏழைக் கர்ப்பிணிகளின் வெளுத்த முகத்தைப் பார்த்து ஒரு பெண் கேட்ட கேள்வியால் கிடைத்த மருந்து, நூல் டப்பாவுக்கு அடியில் கிடந்தால் எனக்கு வயிறு எரியாதா?

தாய்க்குச் சோகை இருந்தாலும் வயிற்றுப் பிள்ளை தனக்கு வேண்டியதை முடிந்த மட்டும் இழுத்துக்கொள்ளும், முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில். அதனால் பிறந்த அன்று பரிசோதித்தால் பெரும்பாலும் பிள்ளைக்குச் சோகை தெரியாது. பிறக்கும்போது ஹீமோகுளோபின் பதினாறு, பதினேழு என்று நம்மைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிறகு இறங்கத் தொடங்கி, இரண்டு, மூன்று மாதத்தில் பத்து, பதினொன்றுக்கு வரும். இது எல்லாக் குழந்தைக்கும் இயற்கையாக நடப்பது, பதற வேண்டாம். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்காமல் சேமித்துவைக்கிறது. அடுத்த நாலைந்து மாதத்துக்கு அந்தச் சேமிப்பில்தான் பிள்ளை புது ரத்தம் செய்துகொள்கிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும், ஆனால் அளவு கொஞ்சம். ஐந்தாவது மாதத்தில் எடை இரண்டு மடங்கு ஆகிற பிள்ளைக்குச் சேமிப்பு கரைந்துகொண்டே போகும். ஆறாவது மாதம் தாண்டும்போது, தாய் கொடுத்தது குறைவு, பிறந்தபோது கொடியில் வந்திருக்க வேண்டியதும் வரவில்லை என்றால், பிள்ளை பள்ளத்தில் நிற்கும். வெளுத்த உள்ளங்கை, சிணுங்கல், சாப்பிட மறுப்பது, அடிக்கடி சளி. கண்ணுக்குத் தெரியாத கெடுதல் இன்னும் பெரிது. மூளை வேகமாக வளர்கிற பருவத்தில் இரும்பு பற்றாமல் போனால், பிறகு டானிக் கொடுத்து ரத்தத்தை ஏற்றினாலும் அந்த இழப்பு முழுக்க ஈடாகும் என்று சொல்ல முடியாது.

சில குழந்தைகள் பிறக்கும்போதே வெளுத்துப் பிறப்பது உண்டு. நஞ்சில் ரத்தக்கசிவு, தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒவ்வாமல் போவது போன்ற காரணங்கள் அதற்கு இருக்கும். அது உடனே குழந்தை மருத்துவர் கவனிக்க வேண்டிய வேறு வகை. நான் பேசுவது சத்தம் போடாமல் எட்டாவது மாதத்தில் வருகிற சோகையைப் பற்றி.

கொடியைப் பொறுத்து வெட்டுவதை நம்மைப் போன்ற மக்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் சோகையுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 102 குழந்தைகளை இரண்டு பிரிவாக எடுத்து, ஒரு பிரிவுக்கு உடனேயும் மற்றதற்குப் பொறுத்தும் கொடியை வெட்டினார்கள். மூன்றாவது மாதத்தில் உடனே வெட்டிய பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் சராசரி 8.8, பொறுத்து வெட்டியவர்களுக்கு 9.9. இரும்புச் சேமிப்பும் அவர்களுக்கே கூடுதல். 2002இல் வெளிவந்த ஆய்வு அது. 2006இல் மெக்சிகோவில் 476 தாய்சேய்களைப் பார்த்தபோது, இரண்டு நிமிடம் பொறுத்ததால் ஆறாவது மாதத்தில் பிள்ளையின் உடம்பில் 27 முதல் 47 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக இருந்தது. தாய்க்கு இரும்பு குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்தது காட்மாண்டு ஆய்வு. அங்கே பரோபகார் மகப்பேறு மருத்துவமனையில் 540 குழந்தைகள். ஒரு பாதிக்கு ஒரு நிமிடத்துக்குள் வெட்டு, மறு பாதிக்கு மூன்று நிமிடம் கழித்து. எட்டாவது மாதத்தில் முதல் பிரிவில் சோகை 82.2 சதவீதம், இரண்டாவதில் 73. 2017இல் வெளியானது. 73 சதவீதமே பயங்கரமான எண்தான். மூன்று நிமிடம் பொறுத்தால் சோகை ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு பைசா செலவில்லாமல், ஒரு சொட்டு மருந்தில்லாமல், நூற்றில் ஒன்பது குழந்தைகளை அதிலிருந்து விலக்க முடிகிறது. அப்படி வேறு எது இருக்கிறது?

இனி, வார்டில் என்னிடம் கேட்ட சந்தேகங்கள்.

"கொடிய அறுக்காம என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?" என்று ஒரு ஆச்சி சத்தம் போட்டார், மகளுக்குத் துணையாக உள்ளே வந்தவர். "பேத்திக்கு உள்ள ரத்தம் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு ஆச்சி. மூணு நிமிஷம் பொறுங்க" என்று அவர் விரலை எடுத்துக் கொடியில் வைத்தேன். துடிப்பு பட்டதும், "ஏ ஆத்தா, துள்ளுதுல்லா!" என்றார். அதற்குப் பிறகு அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாய்க்கு ரத்தம் போகாதா என்பது நியாயமான பயம். ஆக்ஸிடோசின் ஊசியைப் பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போட்டுவிடுவோம். கொடியை வெட்டாமலே அதைப் போடலாம். உலக அளவில் 15 ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் பார்த்தபோது, பொறுத்து வெட்டியதால் உதிரப்போக்கு கூடவில்லை. அதே தொகுப்பில் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைக்க வேண்டிவந்த குழந்தைகள் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. அது மறைக்க வேண்டியதில்லை. முதல் வாரம் பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, மஞ்சள் வயிற்றுக்குக் கீழே இறங்கினால் உடனே கொண்டுவர வேண்டும். பயந்துபோய் ரத்தத்தை மறுப்பது அதற்கு வழியல்ல.

குளிர் என்பது நம் ஊருக்கே உள்ள சந்தேகம். ஆனி, ஆடியில் சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம்; ஈரமாகப் பிறந்த மூன்று கிலோ உயிருக்கு அந்தக் காற்று ஆகாது. பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. மலையைப் பார்த்த சன்னல் இருக்கிற அறையில் அதை முதலில் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும். பிள்ளையை எடுத்ததும் நேராகத் தாயின் வயிற்றில், தோலோடு தோல் படக் கிடத்தி, துவட்டி, ஈரத்துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, உலர்ந்த துணியால் மூடித் தலைக்குக் குல்லா. கொடி அதுபாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். தாயின் உடம்புச் சூடுபோல வேறு சூடு கிடையாது. முன்பெல்லாம் ரத்தம் இறங்க வேண்டும் என்று பிள்ளையைத் தாழப் பிடிக்கச் சொல்வார்கள். அர்ஜென்டினாவில் எடை போட்டுப் பார்த்து, தாயின் வயிற்றில் கிடத்தினாலும் அதே அளவு ரத்தம் வருகிறது என்று 2014இல் காட்டிவிட்டார்கள். எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

சிசேரியன் என்றால்? அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 64. அங்கேயும் பொறுக்கலாம். பிள்ளையைத் தாயின் தொடைமேல் விரித்த சுத்தத் துணியில் வைத்து, போர்த்தி, ஒரு நிமிடமாவது காத்திருக்கலாம். தியேட்டரில்தான் இது அதிகம் விட்டுப்போகிறது. பாதிப் பிரசவம் அங்கே நடக்கும்போது அதை விட்டுவிட்டு வார்டில் மட்டும் பொறுத்து என்ன பயன்?

பொறுக்கக் கூடாத நேரமும் இருக்கிறது. தாய்க்கு ரத்தம் கொட்டுகிறது, நஞ்சு முன்னதாகப் பிரிந்துவிட்டது, கொடியே அறுந்துவிட்டது, துவட்டித் தேய்த்துவிட்டும் பிள்ளை மூச்சுவிடவில்லை என்றால் உடனே கிளாம்ப் போட்டு வேண்டியதைச் செய்ய வேண்டும். அந்த முடிவு மேசையில் நிற்பவருடையது. அப்போது குடும்பத்தார் மூன்று நிமிடக் கணக்குப் பேசக் கூடாது. குறைமாதப் பிள்ளைக்குப் பொறுப்பது இன்னும் பெரிய பலன். அப்படிப் பொறுத்தால் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2023இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் நேரம் இல்லையென்று கொடியை உருவி ரத்தத்தைத் தள்ளுவதை, 28 வாரத்துக்கு முன் பிறந்த பிஞ்சுகளுக்குச் செய்யக் கூடாது. மூளைக்குள் ரத்தக்கசிவு கூடியதால், அந்தப் பிஞ்சுகளிடம் அதைச் சோதித்த ஓர் ஆய்வை நடுவில் நிறுத்தினார்கள்.

ஸ்கேன் சென்டரில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் கைக்கும் வந்திருக்கும். பிற்காலத்தில் பிள்ளைக்கு நோய் வந்தால் உதவும் என்று பயமும் ஆசையும் காட்டுவார்கள். பைக்குள் போகிற அந்த ரத்தம் பிள்ளைக்குள் போயிருக்க வேண்டியது. தன் சொந்த எதிர்கால உபயோகத்துக்காக அப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்தால் டாக்டரிடம் பேசலாம். மற்றவர்கள் கடன் வாங்கிக் கட்டுகிற அந்தப் பணத்துக்கு முட்டையும் ஈரலும் கீரையும் வாங்கலாம்.

ஆகவே கர்ப்பத்தின் எட்டாவது மாதப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ நீங்களே சொல்லுங்கள்: "பிள்ளை நல்லா அழுதா, கொடிய ஒண்ணுலேருந்து மூணு நிமிஷம் பொறுத்து வெட்டுங்க. ஆபரேஷன்னாலும் அப்படித்தான்." கூச்சப்பட ஒன்றும் இல்லை. தாய் சேய் நல அட்டையில் ஓரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். துணைக்கு வருகிறவரிடமும் சொல்லிவையுங்கள், வலியில் உங்களுக்கு நினைவிருக்காது.

பிறந்த பிறகு கொடி விழும்வரை தொப்புளில் எதையும் வைக்க வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். காய்ந்து தானே விழட்டும். வாயில் சேனை தொட்டுவைக்காமல் முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த பிள்ளைக்கு இரும்புச் சொட்டு முன்னதாகவே வேண்டியிருக்கும், டாக்டர் சொல்லும் நாளில் தொடங்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மசித்த பருப்புச் சோற்றோடு முருங்கைக்கீரை, முட்டை, கறி உண்பவர்கள் வீட்டில் வேகவைத்து மசித்த ஈரல். கூடவே கிராம சுகாதார நர்ஸ் தருகிற இரும்பு சிரப், வாரத்தில் இரண்டு நாள், தடவைக்கு ஒரு மில்லி, ஐந்து வயது வரைக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கிற நாளில் மட்டும் நிறுத்தி, சரியானதும் தொடருங்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோயிலுக்குப் போகிற நாளாக இருப்பதால் எங்கள் பக்கத்துப் பெண்கள் மறப்பதில்லை.